குழாய் சீறினால் கைப்பிடியைத் திருகிப் பயனில்லை

ஐயா,

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மேல் மாடிக்காரர்களுக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை என்றால் அன்றைக்கே சங்கத்தில் பேச்சாகிவிடும், கொஞ்ச நாளில் மொட்டை மாடியில் பூஸ்டர் பம்ப்பும் வந்துவிடும். அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருப்பவர் பாத்ரூம் குழாயைத் திறந்தால் தண்ணீர் பேசினில் மோதி சட்டை வரை தெறிக்கிறது என்று சொல்லட்டும், "நல்லா ஃபோர்ஸா வருதே, அப்புறம் என்ன குறை" என்பார்கள். சென்னையில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் கீழே குடியிருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கணக்கு எளிது. மேலே உள்ள தொட்டிக்கும் நம் குழாய்க்கும் நடுவே ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம் சேர்கிறது. ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்து, மொட்டை மாடியில் தொட்டி நிற்கும் உயரத்தையும் சேர்த்தால் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் மூன்றரை கிலோ அளவுக்கு வந்துவிடும். பத்தாம் மாடியில் ஒரு கிலோதான் இருக்கும், குளிக்கவும் கை கழுவவும் அது தாராளமாகப் போதும். ஒரே மாதிரிக் குழாயை ஒரே அளவு திறந்தால் கீழ் வீட்டில் கொட்டும் தண்ணீர் மேல் வீட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் யாருடைய ஊதாரித்தனமும் இல்லை, குழாய் அப்படித்தான் கொட்டும்.

பிளம்பரைக் கூப்பிட்டால் பேசினுக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் காக் என்ற சின்ன வால்வைப் பாதி மூடிவிட்டு, சரியாகிவிட்டது சார் என்று போய்விடுகிறார். தெறிப்பது குறைகிறது, உண்மைதான். ஆனால் இது தண்ணீர் ஓடும்போது மட்டும் வரத்தைக் குறைக்கும் வேலை. குழாயை மூடி ஓட்டம் நின்றதும், பாதி மூடிய வால்வைத் தாண்டியும் அழுத்தம் முழுசாக ஏறி நின்றுவிடும். இரவில் யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் ஹெல்த் ஃபாசெட் (கழிப்பறைக் கை ஸ்பிரே) ஹோஸ், ஃபிளஷ் டேங்க் இணைப்பு, கீசர் என எல்லாமே அந்த மூன்றரை கிலோவைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. ஹெல்த் ஃபாசெட் ஹோஸ் பெரும்பாலும் வெளியே பளபளவென்று ஸ்டீல் பின்னல், உள்ளே மெல்லிய டியூப். அந்த டியூப் ஓரிடத்தில் உப்பி, பின்னல் இழைகளுக்கு நடுவே ஊசி போலத் தண்ணீர் பீய்ச்சத் தொடங்கும். வீட்டில் ஆள் இல்லாத நாளில் இது நடந்தால் ஹால் வரை குளம்தான், கீழ் வீட்டுச் சீலிங்கும் போச்சு.

இதற்கு உண்மையான மருந்து பிரஷர் ரெடியூசிங் வால்வ், சுருக்கமாக பி.ஆர்.வி. உள்ளே ஸ்பிரிங்கும் டயாஃபிரம் என்ற வளையும் சவ்வும் இருக்கும், வரும் அழுத்தம் எவ்வளவு இருந்தாலும் வெளியே போவதை நாம் வைத்த அளவில் நிறுத்தும், குழாய் மூடியிருக்கும்போதும்தான். ஒன்றரை கிலோவில் வைத்தால் வீட்டுக்கு நிம்மதி. வீட்டுக்கு ஒன்றாகவும் போடலாம், மேலிருந்து இறங்கும் பைப்பில் நாலைந்து மாடிகளுக்குச் சேர்த்து ஒன்றாகவும் போடலாம். நம் ஊர் போர் தண்ணீரில் மணலும் உப்பும் வருவதால் அதற்கு முன்னால் ஒரு ஃபில்டர் கட்டாயம் வேண்டும், அதை அவ்வப்போது கழுவவும் வேண்டும், இல்லாவிட்டால் வால்வ் இறுகிப் போகும். போட்டபின் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ஒரு பிரஷர் கேஜை மாட்டிப் பாருங்கள், முள் எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு, பிளம்பரின் கைக்கணக்கை நம்ப வேண்டாம். இன்னொன்று, கீசரின் சேஃப்டி வால்வில் தண்ணீர் சொட்டுகிறது என்பதற்காக யாரும் அதை அடைத்துவிடாதீர்கள், சூடான தண்ணீர் விரியும்போது உயிரைக் காப்பாற்றுவது அதுதான்.

குழாய் நுனியில் திருகும், தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும் ஏரேட்டர் தெறிப்பையும் செலவையும் குறைக்கும், ஆனால் அது பி.ஆர்.வி.க்கு மாற்று ஆகாது. பெங்களூரு குடிநீர் வாரியம் 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது அடுக்குமாடிகளுக்கும் வணிக இடங்களுக்கும் ஏரேட்டரைக் கட்டாயமாக்கியது. 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த சென்னைக்கு அந்த அக்கறை இன்னும் கூடுதலாக இருக்க வேண்டாமா? கோடையில் லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, மொட்டை மாடிக்கு மின்சாரம் செலவழித்து ஏற்றி, கீழ்த்தளத்தில் தெறித்து வீணாக விடுகிறோம்.

கட்டடம் கட்டும்போது பி.ஆர்.வி. போடுவது சின்னச் செலவு, டைல்ஸ் ஒட்டியபின் போடுவதுதான் பெரிய தொல்லை. எனவே 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடங்களுக்கு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) பணி நிறைவுச் சான்று தருமுன், கீழ்த்தளக் குழாய் ஒன்றில் கேஜை மாட்டி அழுத்தத்தைப் பார்த்து எழுதி வாங்க வேண்டும். ஏற்கெனவே குடியேறிவிட்ட கட்டடங்களில் சங்கங்கள் இந்தச் செலவைக் கீழ் வீட்டுக்காரர்கள் தலையில் கட்டாமல், பூஸ்டர் பம்ப்புக்கு எடுத்த அதே பராமரிப்பு நிதியிலிருந்து எடுக்க வேண்டும்.

– வாசகர், மேடவாக்கம், சென்னை