கன்றை எண்ணும் முன் தாயைப் பாருங்கள்

நோர்வே வேளாண்மை, உணவு அமைச்சுக்கு,

வணக்கம். நோர்வேயின் வடகோடியிலுள்ள ஃபின்மார்க் கரையோர ஊர்களுக்கு மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழர் குடும்பம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். துருவ மான் மேய்ப்பது இங்குள்ள பழங்குடியினரான சாமி மக்களின் தொழில், எங்களுடையது அல்ல. ஆனாலும் கோடையில் அவர்களது மந்தைகள் மேய வருவது இந்தக் கரைகளுக்குத்தான்.

மேய்ப்பர் சங்கத்தோடு அரசு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில், கன்றை இறைச்சிக்குக் கொடுத்தால் மானியம் உண்டு. வால்வரீன், லின்க்ஸ் என்ற காட்டு விலங்குகளோ பொன் கழுகோ கன்றை அடித்தால் இழப்பீடும் உண்டு. அதற்குச் சான்று கேட்கிறீர்கள். பிறந்து சில நாளே ஆன, ஐந்து கிலோகூடத் தேறாத கன்றைத் தின்று முடித்தபின் சான்று என்று என்ன மிஞ்சும்? சரி, அதை விடுங்கள். இரண்டுமே கன்று பிறந்த பிறகு போடும் கணக்கு. அது தேறுமா என்பது பாதிக்கு மேல் அதற்கு முன்பே, தாயின் உடம்பில் முடிவாகிவிடுகிறது.

செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபரிலும் சினைப்படும் மான் மே மாதத்தில் ஈனுகிறது. ஏழரை மாதச் சினைக்காலத்தில் பெரும்பகுதி பனிக்காலம். வயிற்றில் கன்று வேகமாக வளரும் கடைசி வாரங்களில்தான் வெளியே தீனி மிகக் குறைவு. ஆண் மான்கள் கொம்பை உதிர்த்த பின்னும் சினை மான் ஈனும்வரை தன் கொம்பை வைத்திருக்கிறது. பனியைத் தோண்டி, பாசி போலத் தரையில் படரும் லைக்கனை எடுக்கும் குழியை மற்ற மான்கள் பறிக்காமல் காக்க அதற்கு அது வேண்டும். ஆனால் நடுக்குளிரில் மழை பெய்து அது பனிமேல் பாளமாக உறைந்துவிட்டால், கொம்பாலும் குளம்பாலும் என்ன செய்ய முடியும்?

இளைத்த தாய் சிறிய கன்றை ஈனும், பிந்தி ஈனும், மடியிலும் பால் குறையும். ஃபின்மார்க் மந்தைகளில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: குளிர்காலம் கடுமையானால் தாய் தன் உடம்பைக் காத்துக்கொண்டு கன்றுக்குக் கொடுப்பதைக் குறைக்கிறது. அடுத்த வருடமும் ஈன வேண்டுமே.

மான்களைக் குறைத்தால் தாய் கொழுக்கும் என்கிறீர்கள். மேய்ச்சல் நிலம் அப்படியே இருந்தால் அது சரிதான். ஒரு பக்கம் மந்தையைக் குறைக்கச் சொல்லி, மறுபக்கம் சுரங்கத்துக்கும் காற்றாலைக்கும் நிலத்தைக் கொடுத்தால் மிஞ்சிய மானும் இளைக்கத்தான் செய்யும். நடு நோர்வேயின் ஃபோசனில் சாமி மேய்ச்சல் நிலத்தில் கட்டிய காற்றாலைகள் பற்றிய வழக்கில் குளிர்கால மேய்ச்சலுக்குப் பதிலாக வேலிக்குள் தீவனம் போடலாம் என்ற யோசனையை நம்பி முடிவெடுக்க 2021இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. லைக்கனுக்குப் பழகிய வயிற்றில் திடீரென வேறு தீவனம் போனால் செரிக்காது. அடைத்து வைத்த மந்தையில் கண்நோய் பரவும். 2020இல் ஃபின்மார்க்கில் பனி மூடியபோது தீவனம் தவிர வேறு வழியில்லை, உண்மைதான். ஆனால் அது அவசர மருந்து, தினசரிச் சோறாகிவிடக் கூடாது.

அடுத்த ஒப்பந்தப் பேச்சில் மூன்று விஷயங்களைச் சேருங்கள். பனிக்கட்டி மூடியதாக மேய்ப்பர் சொன்ன வாரத்திலேயே உதவிப் பணம் போகட்டும், மான் சாகத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஈனும் நிலங்களில் புதுக் கட்டுமானத்துக்கு அனுமதி தராதீர்கள். மே மாதம் அங்கே ஹெலிகொப்டரும் பறக்க வேண்டாம்: மிரண்டு ஓடும் தாயின் பின்னால் அன்று பிறந்த கன்றால் ஓட முடியாது. அப்புறம், கன்றுக்குத் தரும் மானியத்தில் ஒரு பங்கைக் குளிர்காலத்துக்கு மாற்றி, சினை மான்களைப் பார்க்கக் கால்நடை மருத்துவரை அனுப்பச் செலவிடுங்கள்.