நம் மூலிகைச் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்துக்கு வழிகாட்டிவரும் சித்த மருத்துவப் பெருமக்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கும் ஒப்புதலுக்கும் முன்வைக்கிறேன்.

மூலிகைக் கன்றுகளை வழங்குவதோடு நின்றுவிடாமல், அவற்றைச் சரியாக அடையாளம் காணவும், முறைப்படி சுத்தி செய்யவும் (நச்சும் வேண்டாத பகுதியும் நீக்கித் தூய்மைப்படுத்தவும்), அளவும் காலமும் அறிந்து பயன்படுத்தவும் மக்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. ஆண்டின் பெரும்பகுதி உழைப்பை இத்தீர்மானத்துக்கே கொடுத்தோம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், பட்டம் பெற்ற சித்த மருத்துவர்களின் மேற்பார்வையில் நிலவேம்புக் குடிநீர் வழங்கினோம். 2006இல் சிக்குன்குனியா பரவியபோதும், 2012இல் டெங்கு பெருகியபோதும் தமிழ்நாட்டு மக்களிடையே பரவலான இக்குடிநீரை, நிலவேம்பு மட்டும் போட்டுக் காய்ச்சும் கஷாயம் என்றே இன்றும் பலர் எண்ணுகிறார்கள். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பற்படாகம், பேய்ப்புடல் ஆகிய 9 சரக்குகளும் சம அளவில் சேர்ந்தால்தான் அது அந்தப் பெயருக்குரிய மருந்து. இடித்த பொடியை நீரில் இட்டு நான்கில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சி, ஆறியதும் வடிகட்டிக் கொடுக்க வேண்டும். குடிநீருக்கு நம் நூல்கள் வகுத்த ஆயுள் 3 மணி நேரமே என்பதால், காலையில் காய்ச்சியதை மாலைவரை வைத்திருந்து ஊற்றும் வழக்கத்தை அடியோடு நிறுத்தி, வேளைக்கு வேளை புதிதாகக் காய்ச்சினோம். எரிபொருள் செலவு கூடியதைப் பொருளாளர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அச்செலவு தவிர்க்கக்கூடியதன்று என்பது செயற்குழுவின் ஒருமித்த கருத்து.

குடிநீர் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், இதைக் குடித்துவிட்டதால் இரத்தப் பரிசோதனை தேவையில்லை என்று எண்ண வேண்டாம் எனச் சொல்லியே அனுப்பினோம். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தக்கசிவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், குறிப்பாகக் காய்ச்சல் தணியத் தொடங்கும் நாட்களில் தெரிந்தால், சற்றும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதைத் துண்டறிக்கையாகவும் அச்சிட்டுக் கொடுத்தோம்.

மூலிகை அறியும் வகுப்புகளுக்கு இவ்வாண்டு இளைஞர்கள் திரளாக வந்தது மனநிறைவு அளிக்கிறது. நம் தென்மாவட்ட வறள்நிலத்தில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியே வெளிநாடு செல்லும், உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயராலேயே அறியப்படும் சென்னா என்னும் மலமிளக்கி இலையை இங்குள்ள விவசாயிகள் அவுரி என்கிறார்கள். சாயத்துக்கும் மருந்துக்கும் பயன்படும் நீலிச் செடிக்கும் அவுரி என்றே பெயர். ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்கிச் சென்றால் மருந்து பலிக்காமல் போவதோடு, வயிற்றுப்போக்கும் வந்து சேரும். எனவே பெயரை மட்டும் நம்பாமல் இலை, பூ, காய், வேர் என்று உறுப்பு உறுப்பாகப் பார்த்துப் பழக்கினோம். கீழாநெல்லியின் சிறு காய்கள் இலைக்காம்பின் அடிப்புறத்தில் வரிசையாகத் தொங்குவதை ஒவ்வொருவரும் கையில் எடுத்துப் பார்த்த பிறகே அடுத்த செடிக்குச் சென்றோம்.

சுத்தி முறைகளுக்கெனத் தனி வகுப்புகள் நடந்தன. கடுக்காய்க்கு உள்ளே நஞ்சு, சுக்குக்கு வெளியே நஞ்சு என்று நம் பாட்டிமார் சொல்லிவந்ததன்படி, கடுக்காயில் கொட்டையை நீக்கித் தோலை மட்டும் எடுப்பதையும், சுக்கின் மேல்தோலைச் சீவுவதையும் மூத்த வைத்தியர்கள் செய்து காட்டினார்கள். கடைகளில் விற்கும் பொடிகளில் இவை செய்யப்பட்டனவா என்று வாங்குபவர் அறிய வழியில்லை. ஆகவே சரக்கை முழுதாக வாங்கி வீட்டில் பொடித்துக்கொள்வதே நல்லது என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆடுதின்னாப்பாளை குறித்து நடந்த கூட்டத்தைச் சற்று விரிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். விஷக்கடிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் கிராமங்களில் உள்ளுக்குக் கொடுக்கப்பட்டுவந்த இச்செடியிலும், இதே குடும்பத்தைச் சேர்ந்த பெருமருந்திலும் அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ளது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடை குறைக்கக் கொடுத்த மாத்திரைகளில், ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக இக்குடும்பத்துச் செடியொன்று மாறிச் சேர்ந்துவிட்டது. உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் முற்றிலும் பழுதடைந்தது, பின்னாளில் சிலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் கண்டது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்துள்ளது. இவற்றை எடுத்துரைத்தபோது, நம் மருத்துவத்தின் பெருமையை நாமே குறைக்கலாமா என்று சில பெரியவர்கள் வருந்தினார்கள். அவர்களுடைய பற்று மதிக்கத்தக்கது. ஆயினும் 64 பாடாணங்களை, அதாவது நச்சுச் சரக்குகளை, இயற்கையில் கிடைக்கும் பிறவிப் பாடாணம் 32, செய்து எடுக்கும் வைப்புப் பாடாணம் 32 என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சுத்தி சொல்லிவைத்த மரபு நம்முடையது. இயற்கையில் விளைவதெல்லாம் தீங்கற்றது என்று சித்தர்கள் எங்கும் சொல்லவில்லை. நீண்ட விவாதத்துக்குப் பின், ஆடுதின்னாப்பாளையை உள்மருந்தாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் அதன் கன்றுகளை வழங்குவதில்லை என்றும் சங்கம் தீர்மானித்தது.

நவீன மருந்துகளோடு மூலிகைகளைச் சேர்த்து உண்பவர்களுக்காக நடந்த கலந்துரையாடலில் அதிமதுரம் பற்றிப் பலரும் கேட்டார்கள். தொண்டைக்கு இதமான அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உண்டால் உடலில் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் உயரும் என்பதால், அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ணக் கூடாது. ஆடாதோடை இருமலுக்கு நல்ல மருந்து. சளியை இளக்க ஆங்கில மருத்துவத்தில் தரப்படும் புரோம்ஹெக்சினும் ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டு உருவானதுதான். ஆனால் அதே ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. எந்த மருத்துவரிடம் சென்றாலும் தாம் உண்ணும் சூரணம், லேகியம் உட்பட அனைத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று வலியுறுத்தினோம்.

நீரிழிவையும் புற்றுநோயையும் அடியோடு தீர்ப்பதாகச் சுவரொட்டிகளும் கைப்பேசிச் செய்திகளும் பெருகிவிட்டன. இவ்வகை விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது என்பதை நம் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தோம். இன்சுலினை நிறுத்தச் சொல்லும் எவரும் நோயாளியின் உயிரோடு விளையாடுகிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. சித்த மருத்துவம் நாடுவோர் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு நிலையங்களுக்கும் முறையாகப் பதிவு பெற்ற மருத்துவர்களிடமும் செல்ல வேண்டுகிறேன்.

மூலிகைத் தோட்டத்தில் தூதுவளை, சீந்தில், கற்பூரவல்லி, பிரண்டை ஆகியவை நன்கு தழைத்துள்ளன. பொதிகை மலைக்குச் சென்று மூலிகை பறித்துவர வேண்டும் என்ற கோரிக்கையைச் செயற்குழு ஏற்கவில்லை. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகப் பகுதியாதலால் பறிப்பது சட்டப்படி குற்றம், மலையில் அருகிவரும் செடிகளை வேரோடு பிடுங்குவது அதனினும் பெரிய கேடு. அகத்தியர் பிறந்த நாளாகக் கருதப்படும் மார்கழி ஆயில்யத்தில் சித்த மருத்துவ நாள் எளிமையாகக் கொண்டாடப்பட்டது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

வரும் ஆண்டில், முதிய வைத்தியர்களின் வீடுகளில் உள்ள ஏட்டுச்சுவடிகளைச் செல்லரிக்கும் முன் படம் எடுத்துப் பாதுகாக்கும் பணியைத் தொடங்க அனுமதி வேண்டுகிறேன். சுவடி வாசிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே இருப்பதால், சுவடிப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கும் நிதி ஒதுக்க வேண்டும். ஊதியம் பெறாமல் முகாம்களில் நின்ற மருத்துவர்களுக்கும், விடியுமுன் அடுப்பு மூட்டிய மகளிர் அணியினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்