எஸ்ஸும் ஜியும் ஒருத்திதான்

எனக்காக அலைந்தவர்களுக்கும், எனக்காக வேண்டிக்கொண்டவர்களுக்கும், நாலு மாதமாக என் புலம்பலைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கும்,

வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் கூரியர் பையன் வாசலில் நின்று என் பெயரை முழுசாக, அதுவும் தப்பில்லாமல் வாசித்தான். கையெழுத்துப் போட எனக்குக் கை ஓடவில்லை. கவரைப் பிரித்தது எதிர்வீட்டு மயினிதான். பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, "ஒட்டிருக்கு, ஒட்டிருக்கு" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. மகளிடம் போய்க் குடியிருக்கக் கேட்ட போர்ச்சுகல் விசா. நாலு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும், அப்புறம் அங்கே குடியிருப்பு அட்டைக்குக் கைரேகை வைக்க வேண்டும். அது தனிக் கதை, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அந்தச் சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடியும் சொல்லிப் படுத்தப் போவதில்லை. ஆனித் தேர் முடிந்ததிலிருந்து என்னைப் பார்த்தவர்கள் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதை விட்டுவிட்டு "எஸ்ஸா, ஜியா, என்ன சொல்லுதாங்க?" என்றுதான் கேட்டார்கள். ஓய்வூதியர் சங்கத்தில்கூட எனக்கு 'எஸ்ஜி டீச்சர்' என்று பட்டப்பெயர் விழுந்தது தெரியும். பரவாயில்லை.

வெளியூரில் இருக்கும் பழைய மாணவிகளுக்காக மட்டும் நாலு வரி. அந்த நாட்டில் ஓய்வூதியத்தை வைத்துக் குடியிருக்கக் கேட்பவர்கள், அங்கே சட்டப்படி உள்ள குறைந்தபட்ச மாதச் சம்பளம் அளவுக்காவது வருமானம் காட்ட வேண்டும். 2024-இல் அது 820 யூரோ, 2025-இல் 870. ஜனவரி பிறந்தால் ஏறும். நமது ரூபாயோ இறங்கிக்கொண்டே இருந்தது. என் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை நான் ஏற்கனவே கம்யூட் செய்து மொத்தமாக வாங்கியிருந்ததால், என்னுடையது மட்டும் எட்டவில்லை. மின்வாரியத்தில் இருந்த என் வீட்டுக்காரருடைய குடும்ப ஓய்வூதியத்தையும் சேர்த்தால் எட்டும். சேர்த்துக் காட்டினேன். அங்கேதான் வந்தது வினை. பள்ளிக்கூட பிபிஓவில், அதாவது ஓய்வூதிய ஆணைப் புத்தகத்தில், நான் அப்பா இனிஷியலோடு எஸ். குடும்ப ஓய்வூதிய பிபிஓவிலும் பாஸ்போர்ட்டிலும் வீட்டுக்காரர் பெயரோடு ஜி. இரண்டு பெண்களின் வருமானத்தை ஒருத்தி தன் கணக்கில் காட்டுகிறாள் என்று விசா கொடுப்பவர்களுக்குத் தோன்றிவிட்டது. விளக்கம் கொடுக்கப் பத்து நாள்.

ஆம்பிளைகளுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. ஒண்ணாம் வகுப்பில் சேரும்போது போட்ட இனிஷியல் சுடுகாட்டுச் சீட்டு வரைக்கும் கூடவே வரும். இதைச் சங்கக் கூட்டத்தில் நான் சொன்னபோது சிரித்த அண்ணாச்சிமார்கள் இப்போதும் சிரிக்கலாம், கோபமில்லை.

சரி, நன்றிக்கு வருகிறேன். இந்த மடலில் பெரும்பகுதி ஒருத்திக்குத்தான். அவள் பெயரைப் போட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

பத்து நாளில் ஏழு நாள் போயிருந்தது. ஒரு வியாழக்கிழமை. கருவூலத்தில் இருந்து வெளியே வரும்போது மணி ஆறரை. கொக்கிரகுளத்தில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்ச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடை என்றால் ஆறடிக்கு எட்டடி இருக்கும். ஒரு மிஷின், ஒரு லேமினேஷன் பெட்டி, தரையில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்த ஒரு சின்னப்பிள்ளை. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். நான் குனிந்து பார்த்ததும், "வாங்க டீச்சர், ஒங்களுக்கு இல்லாமலா?" என்று ஏற்றிவிட்டாள். அவள் என் மாணவி இல்லை. கையில் ஃபைலும் தோளில் குடையுமாக வருகிற பெண்களை எல்லாம் அவள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள் போல.

இரண்டு பிபிஓவையும் முழுக்க மூன்று செட் எடுக்கச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், அழுதேனா என்று நினைவில்லை. பாதியில் மிஷின் சத்தம் நின்றது. பேப்பர் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

"டீச்சர், நெத்தியக் காட்டுங்க."

"என்னம்மா?"

"எடது புருவத்துக்கு மேல தழும்பு இருக்கா ஒங்களுக்கு?"

முடியை ஒதுக்கிக் காட்டினேன். டியூப்லைட்டுக்குக் கீழே கிட்டத்தில் வந்து பார்த்தாள். அப்புறம் இரண்டு புத்தகத்தையும் விரித்து என் மடியில் வைத்தாள். அங்க அடையாளம் எழுதுகிற இடத்தில், எஸ்ஸுக்கும் இடது புருவத்துக்கு மேல் தழும்பு, ஜிக்கும் இடது புருவத்துக்கு மேல் தழும்பு. "நீங்க கவுண்டர்ல பேசுனதக் கேட்டுட்டு ஒருத்தர் காலையில இங்க வந்து சொல்லிட்டு இருந்தாரு, பாவம் ரெண்டு பேருன்னு சொல்லிட்டாங்களாம்னு. ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துலயா அடிபடும்?" என்றாள்.

முப்பத்திரண்டு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு வரியை விடாமல் வாசியுங்கள் என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். இரண்டு புத்தகத்தையும் நூறு தடவையாவது புரட்டியிருப்பேன். பெயர், தொகை, தேதி, இதைத் தவிர ஒன்றும் கண்ணில் பட்டதில்லை. குடும்ப ஓய்வூதியப் படிவத்தில் அந்த வரியை எழுதியதே நான்தான். அவர் போய்ப் பதினாறு முடிந்த கையோடு எழுதியது, எழுதின ஞாபகமே இல்லை.

அதோடு அவள் விடவில்லை. இரண்டு பக்கத்தையும் கண்ணாடிமேல் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து, அளவைச் சுருக்கி, ஒரே தாளில் வருகிற மாதிரி எடுத்தாள். முதல் தாள் கோணலாக வந்தது. இரண்டாவதில் ஒரு புத்தகத்தின் நடு மடிப்பு கறுப்பாக விழுந்தது. மூன்றாவதில் தழும்பு வரி ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக நின்றது. நாலாவது தடவை ஒரு புத்தகத்துக்கு அடியில் பிள்ளையின் ஸ்கேலை முட்டுக்கொடுத்து வைத்து எடுத்தாள். இரண்டு வரியும் ஒரே நேர்கோட்டில் வந்தன, ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். எத்தனை ரூபாய் என்று கேட்டேன். கணக்குப் போட்டுச் சொன்னாள். வீணான தாளையும் சேர்த்துக்கொள் என்றேன். "அது என் கோணல்லா டீச்சர், அதுக்கு நீங்க எதுக்குக் காசு குடுக்கணும்?" என்று அந்த மூன்று தாளையும் ரெண்டாக மடித்துக் கிழித்து எஸ்ஸும் ஜியும் சுக்கல் சுக்கலாகிற வரைக்கும் கிழித்துப் போட்டாள். பென்ஷன் பேப்பர் வெளியே கிடக்கக் கூடாதாம்.

மறுநாள் அந்தத் தாளை வைத்துத்தான் நோட்டரி பிரமாணப் பத்திரத்தில் மூன்றாவது பத்தியைச் சேர்த்தார். விசா மையத்தில் முதல் தடவை முகத்தையே பார்க்காமல் ஃபைலைத் திருப்பிய அதே கவுண்டரில், இந்தத் தடவை இருந்த பெண் தாளைப் பார்த்தாள், நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்தத் தழும்பு குறுக்குத்துறையில் பட்டது. ஏழு வயதில், ஆடி பதினெட்டுக்கு ஆற்றில் குளிக்கப் போய், பாசிப் படியில் வழுக்கிக் கல்லில் முட்டிக்கொண்டேன். அப்பா துண்டால் கட்டி, தூக்கிக்கொண்டு டவுன் வரைக்கும் ஓடினார். அந்த அப்பாவுடைய எஸ்தான் அது.

இனி மற்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மடல் எழுத வேண்டியது, கை வலிக்கிறது, மொத்தமாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் ஆயுள் உள்ளவரை வரும் என்று ஒரே நாளில் ஆங்கிலத்தில் கடிதம் தந்த கருவூல அதிகாரி, காவல்துறைச் சான்றுக்காகப் பாஸ்போர்ட் ஆபீஸில் வரிசையில் நின்ற தம்பி மகன், சான்றிதழ்கள் வெளிநாட்டில் செல்லுவதற்கான அபோஸ்டில் வில்லை ஒட்டி வாங்கச் சென்னையில் வெயிலில் அலைந்த பழைய மாணவி, அங்கே வரி எண்ணும் வங்கிக் கணக்கும் முடித்துக்கொடுத்த மருமகன், நெல்லை எக்ஸ்பிரஸில் எனக்குக் கீழ் பெர்த்தை விட்டுக்கொடுத்த பெயர் தெரியாத ஐயா, சமைக்கத் தோன்றாத நாளெல்லாம் சொதியும் இஞ்சித் துவையலும் கொடுத்தனுப்பிய மயினி, சிரித்தாலும் கூடவே வந்த சங்கத்து அண்ணாச்சிமார்கள். யாரையாவது விட்டிருந்தால் வீட்டுக்கு வந்து சண்டை போடுங்கள், இன்னும் மூன்று வாரம் இங்கேதான் இருப்பேன்.

மகள் இருக்கிற ஊருக்குப் பெயர் கோயிம்ப்ரா. பால்காரர் இன்னும் நான் கோயம்புத்தூருக்குத்தான் போகிறேன் என்று நம்புகிறார், அதற்கு எதற்கு இவ்வளவு பேப்பர் என்று அவருக்கு வருத்தம். அந்த ஊரில் படித்துவிட்டுத்தான் 16-ஆம் நூற்றாண்டில் ஹென்றிக்கே ஹென்றீக்கஸ் பாதிரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் படித்து, 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சடித்து, 1600-இல் தாமிரபரணி கடலில் விழுகிற புன்னைக்காயலிலேயே கண்ணை மூடினார். பத்தாம் வகுப்பில் இதை வருடா வருடம் சொல்லியிருக்கிறேன். அந்த வயதில் வேற்று ஊரில் எழுத்துக்கூட்டிப் படித்த மனிதனின் தனிமையை ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது ராத்திரி எட்டு மணிக்கு மேல் மகள் வீடியோவில் எனக்குப் போர்த்துகீசியம் சொல்லித் தருகிறாள். ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை நாலும் அவர்கள் சொல்தான், அதனால் நாலு வார்த்தை முன்கூட்டியே தெரியும். ஒரு வீட்டுக்குள் போய் உட்கார அது போதும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு தீர்மானம் செய்திருக்கிறேன், எல்லார் முன்னாலும் சொல்லிவைத்தால்தான் மீற முடியாது. வாழ்நாள் சான்றை அங்கிருந்தே அனுப்ப வழி இருக்கிறதாம். நான் அனுப்பப் போவதில்லை. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் அந்த நாட்டை விட்டு வெளியே இருக்கக் கூடாது என்பதுதான் விதி, ஒரு மாதம் வந்து போகத் தடை இல்லை. வருடா வருடம் ஓய்வூதியர் நேர்காணலுக்கு நேரிலேயே வருவேன். வருகிற மாதத்தில் சங்க அலுவலகத்தில் செவ்வாயும் வியாழனும் உட்கார்ந்திருப்பேன். கணவரை இழந்து புதிதாகப் படிவம் நிரப்ப வருகிற பெண்களுக்கு நானே நிரப்பித் தருவேன். எந்த இனிஷியல் போடுகிறோம், பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறது, ஆதாரில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்பேன். அங்க அடையாளத்தை இரண்டு தடவை வாசித்துக் காட்டுவேன்.

நேற்று ராத்திரியே கொக்கிரகுளத்துக்குப் போய்விட்டு வந்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பாஸ்போர்ட்டைக் காட்டினேன். துடைத்த கையால் வாங்கி, விசாப் பக்கத்தில் இருந்த என் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல தழும்பு தெரியலயே டீச்சர்" என்றாள். பிறகு, அங்கே போனதும் தேவைப்படும் என்று, கேட்காமலே மூன்று செட் எடுத்துக்கொடுத்தாள். இந்தத் தடவை காசே வாங்கவில்லை. யாராவது அந்தப் பக்கம் போனால் ஒரு கட்டு ஏ4 தாள் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், என் கணக்கில்.

அன்புடன்,
உங்கள் எஸ்ஜி டீச்சர்,
பாளையங்கோட்டை