டிரைவரின் மகள் கேட்ட கேள்வி

பாளையங்கோட்டை
16.10.2011

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உள்ளாட்சித் தேர்தல் பிரச்சாரம் நேற்று மாலையோடு முடிந்ததால் ஊரில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கிறது.

உன் நியூயார்க்கில், பெரிய வங்கிகளையும் பணக்காரர்களையும் எதிர்த்து வால் ஸ்ட்ரீட் பக்கத்துப் பூங்காவில் உட்கார்ந்து போராடுகிறார்களே, அதைப் பற்றி நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொண்டாள். "பூங்காவில் உட்கார்ந்திருப்பவர்கள் மாணவர்களும் வேலை இல்லாதவர்களும்தான். பஸ் டிரைவர்களுக்கும் நர்சுகளுக்கும் அங்கே என்ன வேலை?" என்றாய். டிரைவர் வீட்டுப் பெண் கேட்கிற கேள்வியா இது?

நம் ஊர் மறியல் எப்படி முடியும் என்று உனக்குத் தெரியும். கைதானவர்களைக் கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். போலீஸ் வேன் போதாத நாளில் டிப்போவுக்குத் தகவல் வரும்; எங்களில் ஒருவன் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒருமுறை என் வண்டி நிறைய பீடி சுற்றும் பெண்கள். ஏறும்போதே கோஷம். முன் சீட்டில் உட்கார்ந்த ஓர் ஆச்சி இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, "மண்டபத்துக்கு டிக்கெட் எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். நின்றுகொண்டிருந்த பெண் போலீசுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கூலி கூட்டிக் கேட்டு வந்தவர்கள் அவர்கள். நானும் சங்கத்தில் சந்தா கட்டுகிறவன். ஆனால் அவர்களை அடைத்து வைக்கக் கொண்டுபோகிற வண்டி என் கையில் இருந்தது.

உன் ஊர் டிரைவர்களுக்கும் அதேதான் நடந்திருக்கிறது. அக்டோபர் 1 அன்று புரூக்ளின் பாலத்தில் 700 பேருக்கு மேல் கைது. ஓடிக்கொண்டிருந்த நகர பஸ்களைப் பிடித்து, டிரைவர்களையே ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய சங்கம் அந்தப் போராட்டத்துக்கு ஆதரவு என்று முன்பே தீர்மானம் போட்டிருந்தது. உடனே நீதிமன்றத்துக்குப் போய், எங்கள் ஆட்களை இந்த வேலைக்கு இழுக்கக் கூடாது என்று கேட்டார்கள். நீதிபதி தடை கொடுக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன? கேட்டார்களே! எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இது ஒன்றும் வெள்ளைக்கார ஊரின் புதுமை இல்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடியில் வெள்ளைக்காரனின் பஞ்சாலையான கோரல் மில்லில் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு கிடைத்தது. அந்தத் தொழிலாளிகளுக்குத் துணை நின்ற வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் மார்ச் 12 அன்று கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். தூத்துக்குடியில் மில் தொழிலாளிகள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை கூலிக்காக இல்லை, கைதானவர்களுக்காக. துப்புரவுத் தொழிலாளிகள், குதிரை வண்டிக்காரர்கள் என்று ஊரே சேர்ந்துகொண்டது. அந்த நாட்களில், வெள்ளைக்காரன் பக்கம் பேசிய ஒரு பெரிய மனிதருக்குப் பாதி முகம் சவரம் செய்தவர், மீதியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார் என்று சொல்வார்கள். கத்தி பிடிக்கிறவன் கத்தியை மடக்கினான், வண்டிக்காரன் வண்டியைப் பூட்டவில்லை. ஆதரவு என்று நான் சொல்வது அதைத்தான். மேடையில் துண்டு போட்டுப் பேசுவதை இல்லை. சங்கம் எல்லாம் தங்கம் என்றும் சொல்லமாட்டேன். போனஸ் மாதத்தில் மட்டும் கொடியைத் தேடி எடுக்கிற தலைவர்களையும் பார்த்தவன் நான்.

நேற்று முன்தினம் நீ கண்ணால் பார்த்ததையே எடுத்துக்கொள். முக்கால் ஏக்கர் இடம். தனியாருக்குச் சொந்தமானாலும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டிய பூங்கா. காலை ஏழு மணிக்குச் சுத்தம் செய்யப் போகிறோம், நகருங்கள் என்றார்கள் பூங்காவின் சொந்தக்காரர்கள். சுத்தம் என்ற பெயரில் இடத்தைக் காலி செய்வது உலகம் முழுக்க ஒரே உத்திதான் போலிருக்கிறது. பிள்ளைகள் ராத்திரியே துடைப்பமும் வாளியுமாகத் தாங்களே தேய்த்துக் கழுவிவிட்டார்கள். தொழிற்சங்கக் கூட்டமைப்பு தன் ஆட்களை வரச் சொன்னது. விடிவதற்குள் ஆயிரக்கணக்கில் கூட்டம். ஏழு மணிக்கு முன்பே, சுத்தம் செய்வதைத் தள்ளி வைத்ததாக அறிவிப்பு வந்துவிட்டது. தள்ளி வைத்திருக்கிறார்கள், கைவிடவில்லை. மறுபடி வருவார்கள், அதுவும் பெரும்பாலும் ஆள் குறைந்த ராத்திரியில்.

நீ அங்கே போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் உன்னுடையது படிப்பு விசா. கைதானால் கல்யாண மண்டபத்தில் சாம்பார் சாதம் போட்டு அனுப்ப அது பாளையங்கோட்டை இல்லை. போலீஸ் நகரச் சொன்னால் நடைபாதைக்கு வந்துவிடு. வக்கீல் ஒருவருடைய போன் நம்பரைக் கையில் பேனாவால் எழுதிக்கொள். அம்மாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். நீ தினமும் ஏறுகிற பஸ்ஸின் டிரைவரிடம், வண்டி நின்றிருக்கும்போது, என் அப்பாவும் டிரைவர் என்று சொல்லிக் கேட்டுப் பார். தடைதான் கிடைக்கவில்லையே, அடுத்த முறை போலீஸ் வந்து வண்டியை எடு என்றால் அவர் எடுப்பாரா? என்ன சொல்கிறார் என்று எழுது.

அன்புடன்,
அப்பா