கணினி கடவுச்சொல் கேட்டு வேலையைத் தடுப்பது குறித்த புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தங்களிடம் வாங்கிய மேசைக் கணினி வேலைக்கு நடுவே கடவுச்சொல் கேட்பது – சரிசெய்து தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனம் உபுண்டு என்னும் லினக்ஸ் வகை இயங்குதளத்தை நிறுவி விற்ற மேசைக் கணினியை எங்கள் தட்டச்சு, நகலெடுப்புக் கடையில் பயன்படுத்திவருகிறோம். கணினியின் வேகத்தில் குறையில்லை. கடவுச்சொல் கேட்டு எழும் பெட்டிதான் வேலையை ஓடவிடுவதில்லை.

கணினியை இயக்கியதும் நேராக உள்ளே போகும்படி தங்கள் பணியாளர் தானியங்கி உள்நுழைவை அமைத்துக் கொடுத்தார். சேமித்த கடவுச்சொற்களை வைத்திருக்கும் 'கீரிங்' என்னும் சாவிக்கொத்து, உள்நுழையும்போது நாம் தரும் கடவுச்சொல்லைக் கொண்டே திறப்பதால், அதைத் தர வாய்ப்பே இல்லாத இந்த அமைப்பில் பூட்டியே கிடந்து, குரோம் உலாவியைத் திறக்கும்போது தனியாகக் கேட்கிறது. உலாவி எழுவதற்குள் லிப்ரே ஆபீஸில் ஒரு மனுவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தால், திரை மங்கி, பாதிச் சொல் அந்தப் பெட்டிக்குள் கரும்புள்ளிகளாக விழுகிறது; எண்டர் விசையையும் தட்டிவிட்டால் கடவுச்சொல் தவறு என்கிறது.

தங்கள் உதவி எண்ணில் இதைத் தெரிவித்தபோது, சாவிக்கொத்தின் கடவுச்சொல்லை வெற்றாக விட்டுவிடச் சொன்னார்கள். அப்படி விட்டால் சேமித்தவை மறையாக்கமின்றி, அதாவது யாரும் படிக்கக்கூடிய வடிவில், கிடக்கும் என்று அந்த மென்பொருளே எச்சரிக்கிறது. பூட்டு இறுக்கமாக இருக்கிறது என்றவரிடம் கதவைக் கழற்றிவைக்கச் சொல்வதா தீர்வு?

அச்சுப்பொறியின் நிலை இன்னும் மோசம். தாள் சிக்கி அச்சு வரிசை நின்றுபோனால், தாளை எடுத்த பின்பும் அதைத் தொடர நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டியிருக்கிறது. எங்கள் பணியாளரின் பயனர் கணக்கை, அச்சுப்பொறியை நிர்வகிக்கும் உரிமையுள்ள 'எல்பிஅட்மின்' குழுவில் சேர்க்காமல் விட்டதே இதற்குக் காரணம். வாடிக்கையாளரை நிற்கவைக்க முடியாமல் அந்தக் கடவுச்சொல்லைப் பணியாளர் அனைவருக்கும் சொல்லிவைக்க வேண்டியதாயிற்று. சிக்கிய தாளை எடுக்க வந்தவரால் இப்போது மென்பொருளை நிறுவவும் நீக்கவும் முடியும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே, பள்ளி அச்சுப்பொறியைச் சேர்க்க நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாமல் தம் மகள் தம்மை அழைக்க நேர்ந்ததைச் சொல்லி 2012இல் கடுமையாகச் சாடியது தாங்கள் அறியாததன்று.

மென்பொருள் நிறுவுவதற்கும் பயனர் கணக்கை மாற்றுவதற்கும் கடவுச்சொல் கேட்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. தானியங்கி உள்நுழைவை நீக்கி, காலையில் ஒருமுறை தரும் கடவுச்சொல்லே சாவிக்கொத்தையும் திறக்கும்படி அமைத்து, பணியாளரின் கணக்கை மேற்சொன்ன குழுவில் சேர்த்துத் தர வேண்டுகிறோம். உத்தரவாதக் காலம் முடியாததால், இதற்குக் கட்டணம் வாங்காமல் ஆளை அனுப்பி, வரும் நாளை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்