ஸோலிங் காட்டிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கே அம்மா, தம்பி எல்லோரும் எப்படி இருக்கிறார்கள்? போன வாரம் போனில், "தண்ணியை பாட்டில்ல பிடிக்கிற வேலைக்கா அவ்வளவு தூரம் போன?" என்று கேட்டீர்கள். போனில் விளக்க வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்துக்கு வடமேற்கே ஸோலிங் என்று ஒரு மலைக்காடு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அங்கே போய் மூன்று இடத்தில் தண்ணீர் எடுப்போம். வெட்டவெளியில் விழுந்த மழை ஒன்று, மரத்தடியில் சொட்டியது இன்னொன்று, மண்ணுக்குள் வேர்ப் பக்கத்தில் ஓடுவதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது மூன்றாவது. பனிக்காலத்தில் பாட்டிலோடு சேர்ந்து விரலும் விறைத்துவிடும். ஒரே மழைதான் அப்பா, ஆனால் மூன்றும் மூன்று தண்ணீர். காற்றில் வந்து இலையில் படிந்த தூசி, உப்பு, புகை எல்லாவற்றையும் மழை கழுவிக்கொண்டு இறங்கும், இலையிலிருந்து பொட்டாசியமும் கசிந்து சேரும். ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரம் வருஷம் முழுக்க இலையோடு நிற்பதால் பனிமூட்டத்தைக்கூட வடிகட்டிப் பிடித்துக்கொள்ளும், அதன் அடியில் சொட்டும் தண்ணீர், குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் பீச் மரத்தடியில் இருப்பதைவிட அமிலம் கூடியது. சில வருஷம் சஹாரா பாலைவனத்துத் தூசி இவ்வளவு தூரம் பறந்து வந்து விழுகிறது! அதில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் அமிலம் கொஞ்சம் குறையும்.

மண்ணுக்குள் நடப்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். களர் வயலுக்கு ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடிப்பீர்களே, அப்போது கால்சியம் களிமண்ணில் உட்கார்ந்துகொண்டு சோடியத்தை வெளியே தள்ளும், அந்தச் சோடியத்தை ஜிப்சத்தில் இருக்கும் சல்பேட் வடிகாலில் கூட்டிக்கொண்டு போகும். இங்கே அது தலைகீழாக நடந்திருக்கிறது. நிலக்கரிப் புகையின் கந்தகம் மழையில் அமிலமாக இறங்கி, மண் பிடித்துவைத்திருந்த கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கிளப்பிவிட்டது, அந்தக் கந்தகத்திலிருந்து வந்த சல்பேட் அவற்றை இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டது. இங்கே அடியில் இருப்பது மணற்பாறை, இழந்ததை ஈடுகட்ட அதில் சுண்ணாம்பு கிடையாது. மண்ணின் பிஎச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.2க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து மெல்லிய வேர்களைக் கெடுக்கும்.

1960களின் கடைசியிலிருந்து இந்தக் காட்டில் அளந்து வருகிறார்கள். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்து மண்ணியலாளர் பெர்ன்ஹார்ட் உல்ரிச் இந்த அளவுகளை வைத்துத்தான் காட்டுக்கு ஆபத்து என்று எச்சரித்தார். 1983இல் பெரிய அனல் மின் நிலையங்களின் புகைக்குக் கடுமையான சட்டம் வந்தது. மழையில் கந்தகம் மிகவும் குறைந்துவிட்டது, ஆனால் மண் அவ்வளவு வேகமாகத் தேறவில்லை, சேர்த்துவைத்த சல்பேட்டை வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. போன கால்சியத்தைத் திரும்பக் கொடுக்க ஜெர்மனியில் பல காடுகளில் ஹெலிகாப்டரிலிருந்து டோலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் வகைத் தூள் தூவுகிறார்கள், ஹெக்டேருக்கு 3 டன் அளவில்.

எனக்கு மனசு கஷ்டமாக இருப்பது வேறொன்று. மாட்டுப்பண்ணைகளின் அமோனியாவும் வண்டிப் புகையும் இன்னும் நைட்ரஜனைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. 2018 வறட்சிக்குப் பின் பட்டை வண்டு தாக்கி இந்தப் பக்கத்து ஸ்ப்ரூஸ் மரங்கள் ஏராளமாகச் செத்துவிட்டன. மரம் போனால் நைட்ரஜனை உறிஞ்ச வேர் இல்லை, அது நைட்ரேட்டாக மண்ணுக்குள் இறங்கி, மிச்சமிருக்கும் கால்சியத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். காய்ந்த மரங்களுக்கு நடுவே குனிந்து குழாயைத் திறக்கும்போது, இந்தத் தடவை என்ன எண் வருமோ என்று பயமாகவே இருக்கும்.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். களர் வயலுக்கு ஜிப்சம் போடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த மண் பரிசோதனை அட்டை இரண்டும் பீரோவில் இருக்கும். தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பிஎச் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மகள்