நிலாவெளிக்கு ஒரு விறாந்தை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய நிலாவெளி ஹோட்டல் வரைபடங்களை மூன்று நாட்களாக மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடலை நோக்கி இரண்டு மாடி உயரத்துக்கு எழும் கண்ணாடி முகப்பு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கரை கிழக்கைப் பார்த்தது, பிள்ளை. விடிந்ததும் வெயில் நேரே உள்ளே விழும். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று மழையைச் சாய்த்து அதே முகப்பில்தான் அடிக்கும். முன்னால் பத்தடி அகலத்தில் ஒரு விறாந்தை வைத்து, கூரையின் ஓரத்தை ஏழடி உயரம் வரை தாழ இறக்கிப் பார். காலை எட்டரை மணிக்கெல்லாம் சுவரில் விழும் வெயில் முழங்கால் அளவுக்கு இறங்கிவிடும். சாரலில் பெரும்பங்கை விறாந்தைத் தரையே வாங்கிக்கொள்ளும்.

குளிரூட்டியை நம்பி வரைவதன் விலையை நான் என் கைகளாலேயே தொட்டுப் பார்த்திருக்கிறேன். இளம் பொறியியலாளனாக நான் மேற்பார்வை செய்த ஒரு கடற்கரை ஹோட்டலில், அறைகளுக்கெல்லாம் வினைல் சுவர்த்தாள் ஒட்டுவதற்கு ஒப்புதல் கையெழுத்து இட்டவன் நானே. திறந்து எட்டாம் மாதம், ஓர் அறையில் கட்டிலுக்குப் பின்னால் தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். அது முழங்கை நீளத்துக்கு ஈரமாக உரிந்து வந்தது. பின்புறம் முழுவதும் கறுப்புப் பூஞ்சணம். குளியலறை விசிறி உள்ளிருந்த காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்க, அதை ஈடுசெய்ய வெளியின் ஈரக்காற்று சுவரிடுக்குகள் வழியாக நுழைந்து, குளிர்ந்த பூச்சில் பட்டு நீராகி, வெளியேற வழியின்றித் தாளுக்குப் பின்னால் தேங்கியிருந்தது. ஆகவே வெளியேற்றும் காற்றைவிடச் சற்றுக் கூடுதலாக, ஈரம் நீக்கிய காற்றை உன் அறைகளுக்குக் கொடு. சுவருக்கு மூச்சு விடும் பூச்சு போதும்.

நீ சிறுமியாக இருந்தபோது உன்னைக் கண்டலம ஹோட்டலுக்கு அழைத்துச் சென்றது நினைவிருக்கிறதா? சிகிரியாக் குன்றின் அடிவாரத்தில் அதைக் கட்ட எண்ணியவர்களைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தடுத்து, அந்தக் குன்று தொலைவில் தெரியும்படி, கண்டலமக் குளத்தின் மேலுள்ள மலைச்சரிவைத் தேர்ந்தார். 1994இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளம்; 152 அறைகள். தூண்கள் மேல் நிற்பதால் மலையிலிருந்து இறங்கும் மழைநீர் அதன் கீழே ஓடிக் குளத்தை நோக்கிப் போகிறது. நீ கை நீட்டிப் பாறையைத் தொட்டபடி நடந்தாயே, அந்த நடைவழிகளுக்குக் குளிரூட்டி இல்லை. ஒருபுறம் பாறை, மறுபுறம் அறைகள், நடுவில் காற்று. குளிரூட்டுவது அறைகளுக்கு மட்டும் என்று வைத்தால் யந்திரங்களின் சுமை எவ்வளவு குறையும் என்பதை நீயே கணக்கிட்டுப் பார். உன் வரைபடத்தில் வரவேற்புக் கூடமும் நடைவழிகளும் முழுவதும் மூடிக் கிடக்கின்றன. அதுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

கடலுப்பு கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் என்பது உனக்குத் தெரியும். கொங்கிறீட்டுக்கு நல்ல தண்ணீர், கழுவிய மணல், கடலோர முகத்தில் கம்பிக்கு மேல் 50 மில்லிமீற்றர் கொங்கிறீட் மூடல். இவற்றில் ஒப்பந்தக்காரருடன் பேரம் பேசாதே.

இன்னொன்று: பாவாவைப் பற்றிப் பேசுபவர்கள், பல்லாண்டு அவருடைய தொழிற்பங்காளியாக இருந்த பொறியியலாளர் பூலோகசுந்தரத்தை எளிதில் மறந்துவிடுகிறார்கள். உன் பொறியியலாளரை, வரைபடம் முடிந்த பிறகு அல்ல, இப்போதே பக்கத்தில் இருத்திக்கொள்.

விறாந்தை வரவேண்டிய இடங்களைச் சிவப்பு மையால் குறித்து அனுப்புகிறேன். மார்கழியில் விடுமுறை எடுத்துக்கொண்டு வா. மழை பெய்யும் ஒரு நாளில் அந்த வளவில் இருவரும் குடையோடு நின்று, தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வருவோம்.

அன்புடன்,
அப்பா